அரூருக்குப் போகிறவர் ஓசூர் பஸ்ஸில் ஏறினால்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து மண்ணிலும் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று முடிவு செய்ய வேண்டியது பெற்றோரா, பிள்ளையா? இதுதான் தலைப்பு. பிள்ளைதான் என்று பேச வந்திருக்கிறேன். பதினைந்து வருடமாக அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் என்பதால் வேறு பக்கம் நிற்க எனக்கு மனம் வராது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வரி சொன்னார், கைத்தட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. "பிள்ளைங்களைக் கேட்டா தெரியல, தெரியலங்கிறாங்க. பஸ் ஸ்டாண்டுல எந்தப் பஸ்ஸுன்னு தெரியாம நிக்கிறவனுக்கு எல்லாப் பஸ்ஸும் போயிடும். கையைப் பிடிச்சு ஏத்திவிடறவங்கதான் பெத்தவங்க" என்றார்.

அண்ணே, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள். அங்கே என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

எங்கள் பெரிய மாமா. அரூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. பொண்ணு மாப்பிள்ளைக்கு மாலை வாங்கி வரும் பொறுப்பு அவருடையது. தருமபுரி பூ மார்க்கெட்டில் சம்பங்கி மாலை இரண்டு கட்டச் சொல்லி, வாழை இலையில் சுற்றி, கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பதினொன்றாவது படிக்கிற மகனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். மணி நாலரை. ஒரு பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. கண்டக்டர் படியில் தொங்கியபடி "ஓசூர் ஓசூர் ஓசூர்" என்று கூவுகிறார். அந்த இரைச்சலில் மாமா காதில் விழுந்தது "அரூர் அரூர் அரூர்."

பையன் நின்றான். "அப்பா, அரூர் பஸ்தானான்னு ஒரு தடவை கேட்டுக்கலாமா?"

"ஏர்றா! கேட்டுக்கிட்டே நின்னா சீட்டு போயிடும்." கையைப் பிடித்தார். ஏற்றிவிட்டார்.

கவனியுங்கள் அண்ணே, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்!

ஜன்னலோர சீட்டு. மாமாவுக்குச் சந்தோஷம். "அரூர் ரெண்டு" என்று பணத்தை நீட்டினார். கண்டக்டர் காதில் "ஓசூர் ரெண்டு" என்று விழுந்திருக்கிறது. டிக்கெட் விலையைப் பார்த்த மாமா, "பாத்தியாடா, மறுபடியும் ஏத்திட்டானுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் பையன் தட்டினான். "அப்பா, ரோடு வேற மாதிரி இருக்கு." கண்ணைத் திறக்காமலே, "புதுசா பைபாஸ் போட்டிருப்பாங்க, தூங்கு."

அப்புறம் மண்டபத்திலிருந்து போன். "மாலை எங்க வருது?" "வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வெளியே பார்க்கிறார். காவேரிப்பட்டணம்! ரோட்டோரம் முழுக்க மாங்காய்க் கூடை. கிருஷ்ணகிரியில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, மாலை அரூர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அதற்குள் மண்டபத்துச் சாமி படத்தில் கிடந்த மாலையைக் கழற்றி, பொண்ணு மாப்பிள்ளைக்குப் போட்டு, போட்டோவும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. பின்னால் பிள்ளையார் வெறும் கழுத்தோடு நிற்கிறார்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பஸ் மோசமான பஸ்ஸா? நல்ல பஸ். சீட்டு நல்ல சீட்டு. வேகமும் நல்ல வேகம். ஊர் மட்டும் வேறு. அந்தப் பஸ் ஸ்டாண்டில் சரியாக நடந்துகொண்டவன் யார்? நின்று கேட்ட பையன்!

மே மாதம் ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் நடப்பது இதுதான் ஐயா. சித்தப்பா ஒரு பக்கம், எதிர் வீட்டு அண்ணன் ஒரு பக்கம், பெங்களூரில் வேலை பார்க்கிற அத்தை மகன் போனில். எல்லோரும் படியில் தொங்கிக்கொண்டு கூவுகிறார்கள். "கம்ப்யூட்டர் சயின்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்!" பிள்ளை "தெரியல" என்றால் அது சோம்பல் இல்லை. "இது எங்க ஊர் பஸ்தானா?" என்று கேட்கிறது அந்தப் பிள்ளை.

ஏன் தெரியவில்லை? நம் தலைமுறைக்கு இந்தப் பக்கம் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி வந்ததே 1994இல். தருமபுரிக்கு மருத்துவக் கல்லூரி 2008இல், கிருஷ்ணகிரிக்கு 2022இல். நடுவில் செட்டிக்கரையில் இன்னொரு பொறியியல் கல்லூரி. வழி கூடினால் யோசனையும் கூடத்தானே செய்யும்?

சரி, எல்லாப் பஸ்ஸும் போய்விடும் என்றாரே, அது உண்மையா? ஒரே பிள்ளை பொறியியல் கவுன்சலிங்குக்கும் விண்ணப்பிக்கலாம், அரசு கலைக் கல்லூரிக்கும் போடலாம், வேளாண்மைக்கும் போடலாம். ஒன்றில் போட்டால் மற்றது அடைபடாது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட் ஆஃப் போட்டுத் தரவரிசை வந்த பிறகும், நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் காலியாக இருக்கிற இடத்தைத்தான் ஒதுக்குவார்கள். அதனால் "கிடைக்காது" என்று பயந்து, பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். இதைக் கூட்டத்தில் இருக்கிற பெற்றோருக்குத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருடா வருடம் இந்தத் தப்பைப் பார்க்கிறேன்.

இன்னொன்று. இடம் ஒதுக்கியதும் என்ன கேட்கிறார்கள்? "ஏற்றுக்கொண்டு சேர்கிறாயா, ஏற்றுக்கொண்டு பட்டியலில் மேலே இருப்பதற்குக் காத்திருக்கிறாயா" என்று கேட்கிறார்கள். இது கிடைத்தது சரி, இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று சொல்ல அரசாங்கமே இடம் வைத்திருக்கிறது ஐயா! கவுன்சலிங் கொடுக்கிற அவகாசத்தைப் பெற்ற வீடு கொடுக்கக் கூடாதா?

பணம் யார் கட்டுகிறார்கள் என்று எதிரணியில் ஒரு அம்மா கேட்டார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிற பிள்ளைக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மற்ற வீடுகளில் பெற்றோர் கட்டுகிறார்கள். பணம் உங்களுடையது. நாலு வருடம் அந்த வகுப்பில் உட்கார வேண்டியது பிள்ளை.

மணி அடிப்பதற்குள் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் என் வகுப்பில் ஒரு பெண். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அம்மா வீட்டில் புளி தட்டுகிறார், கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் பெண்ணை நான் ஏப்ரலில் கேட்டேன், "தெரியல மிஸ்." மே மாதம் கேட்டேன், "தெரியல மிஸ்." எனக்கே பொறுமை போய்விட்டது. அம்மாவைக் கூட்டி வா என்றேன்.

வந்தார். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு உறுதிமொழிப் படிவம் கொடுத்தேன். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், யாருமே பட்டதாரி இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். புளி பிசுக்கில் காகிதம் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினார். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"உங்க பொண்ணு இன்னும் முடிவு பண்ணலம்மா, நீங்களாவது சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார்: "நான் பத்தாவது முடிச்ச அன்னைக்கே மாப்பிள்ளை பாத்துட்டாங்க மிஸ். என்ன படிக்கப்போறன்னு என்னை ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா நானும் தெரியலன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்ல மிஸ்?"

என்னால் பேச முடியவில்லை.

"அவ யோசிக்கட்டும். நான் வெளிய இருக்கேன்" என்று எழுந்து போனார்.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் அறையில் கல்லூரிப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அந்த அம்மா, சாயங்காலம் ஐந்து மணி வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை கூட உள்ளே வந்து "முடிச்சிட்டியா?" என்று கேட்கவில்லை.

நடுவர் ஐயா, வணக்கம்.