பார்மசிஸ்ட் வேலையிலிருந்து புராடக்ட் டிசைனுக்கு வரலாமா?

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பி.பார்ம் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். வயது 30. புராடக்ட் டிசைனுக்கு மாற ஆசை. ஃபிக்மா கோர்ஸ் சேரட்டுமா?"

புராடக்ட் டிசைன் என்றால் இங்கே ஆப், சாஃப்ட்வேர்களைச் சுலபமாகப் பயன்படுத்தும்படி வடிவமைக்கும் வேலை. அதற்குத் திரைகளை வரையும் சாஃப்ட்வேர்தான் ஃபிக்மா. முதலில் வயதை விடுங்கள். டிசைன் துறையில் பெரிய பெயரான டான் நார்மன் முதலில் படித்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். அப்புறம் சைக்காலஜியில் டாக்டர் பட்டம், பல வருஷம் பேராசிரியர் வேலை. 1993இல் ஆப்பிளில் சேரும்போது அவருக்கு 57 வயது. நாமெல்லாம் நார்மன் இல்லைதான், ஆனாலும் 30 ஒரு வயதா?

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஃபிக்மாவை இலவசக் கணக்கிலேயே பழகிக்கொள்ளலாம். அதற்காகப் பெரிய தொகை கட்ட வேண்டாம். வேலைக்கு எடுப்பவர்கள் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை, அதாவது நீங்கள் செய்த டிசைன்களின் தொகுப்பை. அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எதைத் திறந்தாலும் ஸ்விக்கி ரீடிசைன், ஸ்பாட்டிஃபை ரீடிசைன். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், "இப்போது அழகாக இருக்கிறதே" என்பார்கள்.

உங்களிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. பெரியவர்கள் பாதி கத்தரித்த மாத்திரை அட்டையை நீட்டி "இதே கொடும்மா" என்பார்கள். பெயர் இருக்கும், எத்தனை மில்லிகிராம் என்பது போயிருக்கும். பில்லிங் திரையிலோ ஒரே பெயரில் 5 மி.கி.யும் 50 மி.கி.யும் அடுத்தடுத்த வரியில் நிற்கும். கடையில் கூட்டம் நெரிகிறபோது தப்பான வரியைத் தொடுவது எவ்வளவு சுலபம் என்று கவுண்டரில் நின்ற உங்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஒரு திரையை மட்டும் எடுங்கள். மாற்றுத் திரையைப் பேப்பரில் வரைந்து, மற்ற கடைகளில் வேலை பார்ப்பவர்கள் 5 பேரிடம் கொடுத்து மருந்தைத் தேடச் சொல்லுங்கள். நடுவில் உதவிக்குப் போகாதீர்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 5 போதுமா என்றால், போதும் என்று, இப்படி ஆட்களை வைத்துச் சோதிப்பதில் நிபுணரான ஜேக்கப் நீல்சன் 2000இலேயே எழுதிவிட்டார். அதற்கு மேல் ஆள் சேர்ப்பதைவிட, திருத்திவிட்டு மறுபடி வேறு 5 பேரிடம் காட்டச் சொல்கிறார். முதலில் வரைந்தது, அவர்கள் தடுமாறிய இடம், நீங்கள் மாற்றியது, மூன்றையும் எழுதினால் அதுதான் போர்ட்ஃபோலியோவில் வைக்க வேண்டிய கேஸ் ஸ்டடி.

வேலையை இப்போதே விட வேண்டாம். ஆரம்பச் சம்பளம் குறையவும் வாய்ப்புண்டு. மருத்துவமனை, மருந்துக்கடை சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனிகளுக்கு முதலில் அனுப்புங்கள், அங்கே உங்கள் பி.பார்முக்கும் மதிப்பு இருக்கும். ஒன்று மட்டும், கஸ்டமர் பெயரோ டாக்டர் சீட்டோ தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே போட்டுவிடாதீர்கள்.