எப்போதிலிருந்து?

நேயர்களுக்கு வணக்கம்.

மழை பெய்தால் தெருவில் தண்ணீர் தேங்குகிறது. கேட்டால், "ரொம்ப நாளாவே இப்படித்தான்" என்பார்கள். மனு எழுத உட்காரும்போது இந்தப் பதில் எதற்கும் உதவாது. எந்த வருடத்திலிருந்து என்று சொல்ல முடிந்தால், அந்த வருடம் அங்கே என்ன மாறியது என்று தேடலாம். அதனால்தான், இணையத்தில் முதலில் தேதியைத் தேடுங்கள் என்கிறேன்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. இன்று கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு ஓடை இருந்ததா என்று படிப்படியாகப் பின்னால் போய்ப் பார்க்கலாம். இன்னும் பின்னால் போக வேண்டுமா? லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் படம் எடுத்து வருகின்றன. 2008 முதல் அந்தப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் 1980-களுக்குப் பிந்தைய படங்களில்கூட ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர் சதுரம். ஏரி சுருங்கியது தெரியும், வடிகால் அடைத்துக்கொண்டது தெரியாது. அப்புறம், அரசுத் தளத்திலிருந்து காணாமல் போன அறிவிப்புகள் சில சமயம், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அகப்படும்.

சரி, திரையில் தெரியாததற்கு என்ன செய்வது?

1854-ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், குடிதண்ணீரில்தான் கோளாறு என்று சந்தேகித்து, அரசு இறப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி வாழ்ந்தவர்கள். பத்துப் பேரின் வீடுகள் மட்டும் வேறு பம்புகளுக்கு அருகில் இருந்தன. பதிவேட்டோடு நின்றிருந்தால் அந்தப் பத்துப் பேர் விடுகதையாகவே இருந்திருப்பார்கள். ஸ்னோ நேரில் போய் விசாரித்தார். ஐந்து பேரின் குடும்பத்தார், பிராட் தெருத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று எப்போதும் அங்கிருந்தே எடுத்து வந்ததாகச் சொன்னார்கள். மூன்று பேர் குழந்தைகள், அந்தப் பம்புக்கு அருகிலிருந்த பள்ளியில் படித்தவர்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது. அந்தத் தண்ணீரை யாரும் எடுக்காதபடி, செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

பதிவேடு இன்று நம் கைப்பேசிக்கே வருகிறது. விசாரிக்க மட்டும் இன்றும் நடந்துதான் போக வேண்டும். பழைய படத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வீட்டுப் பாட்டியிடம் போங்கள். எந்த வருட மழையில் தண்ணீர் முதன்முதலாக வாசற்படி ஏறியது என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு அந்தப் படத்தின் கீழேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.