கொழும்புத் தண்ணீரில் எந்த மீனோடு எந்த மீன்?

[திரையில்: மீன் கடை வாசல். காற்று நிரப்பிக் கட்டிய பொலித்தீன் பைகள்.]

இரண்டு ஏஞ்சல். ஆறு நியோன் டெட்ரா. நாலு கப்பி. இரண்டு கோல்ட் ஃபிஷ். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னட்டும் என்று ஒரு டாங்க் கிளீனர். முதன்முதலாக மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கொழும்பில் வாங்கிப்போவது அநேகமாக இப்படித்தான் இருக்கும். இந்தப் பதினைந்து மீன்களும் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு பிளாட்டில், இரண்டடி டாங்க்கில் போய்ச் சேரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஏறத்தாழ 50 லீற்றர் தண்ணீர்.

கடையில் எல்லாம் நன்றாகத்தானே நீந்தின என்று கேட்பீர்கள். நீந்தின. அங்கே ஒவ்வொரு இனமும் தனித் தொட்டியில் இருந்தது, எல்லாம் குஞ்சுப் பருவம், தண்ணீரும் அடிக்கடி மாறும். இவை ஒன்றையொன்று முதன்முறையாகச் சந்திப்பதே உங்கள் வீட்டில்தான். இந்தப் பையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த மீன் எதைக் கடிக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது: இரண்டும் ஒரே தண்ணீரில் சுகமாக இருக்குமா?

[திரையில்: டாங்க்கில் ஒட்டிய வெப்பமானி, 29ஐக் காட்டுகிறது.]

கொழும்பில் ஹீட்டர் இல்லாமலே தண்ணீர் 28, 29 பாகையில் நிற்கும். மார்ச், ஏப்ரல் வெக்கையில், மேல்மாடி பிளாட்டில், 30ஐயும் தாண்டும். கோல்ட் ஃபிஷ் குளிர்நீர் மீன். 20 பாகையைச் சுற்றிய தண்ணீர்தான் அதற்கு இதம். நுவரெலியாவில் இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். இங்கே வாழவே வாழாது என்று சொல்லவில்லை. ஆனால் சூடு ஏற ஏற மீனுக்கு ஒட்சிசன் அதிகம் தேவைப்படும். அதே நேரம் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். அத்துடன் கோல்ட் ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிவு போடும். சிறிய டாங்க்கில் அதன் கழிவைச் சுமப்பது பக்கத்தில் இருக்கும் மீன்கள்தான். ஆகவே கோல்ட் ஃபிஷ்ஷை இந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

நியோனும் சூடு தாங்காத மீன்தான். 26 பாகைக்குக் கீழே இருந்தால்தான் நீண்டநாள் வாழும். அதே நீலமும் சிவப்பும் வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா கேளுங்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் 28 பாகையைத் தாங்கும். அடித்தளத்து மீன் கோரிடோராஸிலும் இதே கதைதான். பாண்டா கோரிடோராஸ் குளிர்ச்சியை விரும்பும், ஸ்டெர்பாய் நம் சூட்டுக்கு ஒத்துப்போகும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீரின் குணம். கொழும்புக் குழாய்த் தண்ணீர் அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. மழைக்காட்டுப் பக்கத்துத் தண்ணீர், சுண்ணாம்பு குறைவு, மென்னீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய வன்னீர். மொலியும் கப்பியும் வன்னீரை விரும்பும் மீன்கள். யாழ்ப்பாணத்தில் அவை செழித்துக் குட்டி போடுவதில் வியப்பில்லை. இங்கே மொலி சில வாரத்தில் உடம்பைச் சுருக்கி, இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டு நின்றால், முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கழுவிய சிப்பி ஓட்டில் கொஞ்சம் எடுத்துத் துணிப்பையில் கட்டி பில்டருக்குள் வைத்தால் கடினத்தன்மை மெல்ல ஏறும். ஆனால் கார்டினலுக்கு அது பிடிக்காது. இரண்டையும் ஒரே டாங்க்கில் வைத்தால் ஒன்று எப்போதும் சகித்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு பக்கத்தைத் தீர்மானியுங்கள். குளோரின் போக்கும் திரவம் எந்தப் பக்கத்துக்கும் வேண்டும்.

[திரையில்: ஏஞ்சல் குஞ்சு, பிறகு வளர்ந்த ஏஞ்சல், ஒரே அளவுக்கோலில்.]

இப்போது ஏஞ்சல். கடையில் ஒரு நாணயத்தின் அகலம். வளர்ந்தால் உடல் நீளம் 15 சென்ரிமீற்றர் வரை வரும், செட்டையோடு உயரம் அதற்கும் மேல். ஓரடி உயரத் தொட்டியில் அதற்கு நிமிர இடமில்லை. ஒன்றரை அடியாவது வேண்டும். நியோனோடு ஆறு மாதம் ஒற்றுமையாக இருக்கும். பிறகு ஒரு காலையில் எண்ணிப் பார்த்தால் நாலுதான் இருக்கும். ஏஞ்சலுக்கு அதில் எந்த வன்மமும் இல்லை. வாய்க்குள் போகும் அளவில் ஒன்று முன்னால் நீந்தினால் விழுங்கும். ஆகவே கடையில் பார்க்கும் அளவை மறந்துவிட்டு, "அண்ணா, இது கடைசியில் எவ்வளவு பெருசா வரும்?" என்று கேளுங்கள். கேட்காததால்தான் ஒஸ்காரும், சிவப்பு வால் கெளுத்தியும் விரலளவில் வீடு வந்து சேர்கின்றன. அந்தக் கெளுத்தி ஒரு மீற்றருக்கு மேல் வளரும் மீன்.

வாய் சிறியதாக இருந்தும் தொல்லை தரும் மீன் டைகர் பார்ப். நீளச் செட்டை எதைக் கண்டாலும் கொத்தும். ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர், கப்பி எதுவும் அதனோடு வேண்டாம். மூன்று நாலு மட்டும் வைத்தால் தொல்லை இன்னும் கூடும்; எட்டு பத்தாக வைத்தால் சண்டை தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். கூட்டமாக வாழும் எந்த மீனையும் ஆறுக்குக் குறைவாக வாங்காதீர்கள் என்பதற்கும் காரணம் இதுதான். தனியாக விட்டால் ஒன்று பயந்து ஒளிந்திருக்கும், இல்லையென்றால் முரடாகும். கப்பியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்கட்டும். ஆண் ஃபைட்டரோடு பெரிய வால் கப்பியை விடாதீர்கள், அதை இன்னொரு ஃபைட்டர் என்றே நினைத்துத் துரத்தும்.

[திரையில்: டாங்க் கிளீனர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.]

டாங்க் கிளீனர் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். டாங்க்கைச் சுத்தம் செய்யும் என்று நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். குஞ்சாக இருக்கும்போது பாசி தின்னும், உண்மை. வளர வளர மற்ற மீனின் சாப்பாட்டையே தேடும், போடும் கழிவும் ஏராளம். 40 சென்ரிமீற்றரையும் தாண்டும் மீனுக்கு இரண்டடி டாங்க்கில் திரும்பவே இடமிருக்காது. பசித்தால் இரவில் கோல்ட் ஃபிஷ், டிஸ்கஸ் போன்ற மெதுவான மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி வழுவழுப்பை உரித்துத் தின்னும். காலையில் அந்த மீனின் உடம்பில் தேய்ந்த தழும்பு தெரியும்.

பெரிதானதும் பாவம் பார்த்து வாளியில் எடுத்துப்போய் கால்வாயில் விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பேர வாவியோ, தியவன்னா ஓயாவோ, வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயோ எதுவாக இருந்தாலும் வேண்டாம். இப்படித் தொட்டியிலிருந்து போன டாங்க் கிளீனரும், சிறுமீன்களை வேட்டையாடும் கத்தி மீனும் இலங்கை நீர்நிலைகளில் பெருகிவிட்டன. பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலத்திலும் கத்தி மீன் இருக்கிறது. அங்கே தின்னப்படுவது நம் நாட்டுச் சிறுமீன். பாசிக்கு பிரிஸ்டில்நோஸ் என்ற சிறிய வகை டாங்க் கிளீனர் போதும், 12 சென்ரிமீற்றர் அளவில் நின்றுவிடும். நெரைட் நத்தையும் நல்லது.

சரி, அந்த 50 லீற்றரில் என்னதான் விடுவது? நான் சொல்வது இது: எட்டு ஹார்லிக்வின் ரஸ்போரா, ஒரு ஜோடி தேன் கௌராமி, அடியில் ஆறு கூலி லோச். மூன்றும் ஆசியாவின் மென்னீருக்குப் பழகிய மீன்கள். ரஸ்போரா நடுவிலும் கௌராமி மேல்பக்கத்திலும் நிற்கும். லோச் மணலுக்குள் புகுந்துகொள்ளும், அதனால் கூரான கல் போடாமல் மெல்லிய மணல் போடுங்கள். மூன்றடி டாங்க் இருந்தால் ஏஞ்சல், ஸ்டெர்பாய், பிரிஸ்டில்நோஸ். இதில் நியோன், கார்டினல் எதையும் நுழைக்காதீர்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது நம் சொந்த மீன்களின் டாங்க். செரி பார்ப் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாகத் தோன்றிய மீன் இல்லை. களனி கங்கை, களு கங்கைப் பக்கத்து நிழலான ஓடைகளில் வாழ்வது. 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அதை அறிவியலுக்கு விவரித்தார். உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அது பிறந்த ஊரிலோ கோல்ட் ஃபிஷ்ஷுக்குத்தான் மவுசு. கறுப்பு ரூபி பார்ப்பும் நம்முடையதே. ஆண் மீன் இனப்பெருக்க நிறம் கொள்ளும்போது தலைப்பக்கம் சிவந்து பின்பக்கம் கறுக்கும். அதற்கு மூன்றடி வேண்டும். செரி பார்ப் எட்டு மட்டும் இரண்டடியில், நிறையச் செடியோடு, மங்கிய வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், ஆண்களின் சிவப்பு தானாகக் கூடும். நிழல் மீன் என்பதால் வெக்கை மாதங்களில் தண்ணீர் மேற்பரப்பில் ஒரு சிறிய மின்விசிறி ஊதட்டும். ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். வளர்ப்புக் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள், ஓடையில் பிடித்ததை வாங்காதீர்கள்.

[திரையில்: வெறும் தொட்டி, பில்டர் ஓடுகிறது.]

டாங்க்கை வைத்த அன்றே மீன் விடுவது சரியில்லை. கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பக்டீரியா பில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். அப்புறம் சாதுவான மீன் முதலில், இடம்பிடிக்கும் மீன் கடைசியில். ஏஞ்சல் முதலில் வந்தால் டாங்க் முழுக்கத் தன்னுடையது என்றே நினைக்கும். புதிய மீன் எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய் பெரும்பாலும் புதியவரோடுதான் வருகிறது.

எண்ணிக்கை விஷயத்தில் கொழும்புக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. பில்டரும் காற்றுப் பம்பும் நின்றுவிட்டால் நெருக்கமான டாங்க்தான் முதலில் மூச்சுத் திணறும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மீன் விட்ட முதல் வாரம் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள். ஒன்று மூலையிலேயே நிற்கிறதா, வால் கிழிந்திருக்கிறதா, சாப்பிட மேலே வர விடாமல் ஏதாவது துரத்துகிறதா? அப்படியென்றால் கல்லையும் செடியையும் இடம் மாற்றி வையுங்கள், எல்லைகள் குழம்பிச் சண்டை தணிய வாய்ப்புண்டு. தணியாவிட்டால் பிரிக்கத்தான் வேண்டும். ஒத்துப்போகாத மீனைத் திருப்பி எடுப்பீர்களா என்று வாங்கும்போதே கடையில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.