ஒரே கேன் ஆயில், இரண்டு வகைக் கரி

நேயர்களுக்கு வணக்கம்.

மரம் அறுக்கும் மெஷினைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். எத்தனை நிமிடம் என்று கேட்டேன். பத்து என்றார்கள். ஒரு கார்புரேட்டரைக் கழற்றி மாட்டவே எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பார்ப்போம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு காலத்தில் டி.வி.எஸ். 50 நின்றிருக்கும். ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்றால் மெக்கானிக் முதலில் சைலன்சரைத்தான் கழற்றுவார். உள்குழாயை உருவி, நெருப்பில் போட்டுச் சுட்டு, கல்லில் தட்டுவார். கரி பொலபொலவென்று உதிரும். திரும்ப மாட்டினால் வண்டி பறக்கும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் தொழில் பழகினேன். இன்றைக்கு என் பட்டறைக்கு வருகிற செயின்சாவுக்குள்ளும் அதே டூ ஸ்ட்ரோக் இன்ஜின்தான், அதே கரிதான்.

இந்த இன்ஜினுக்கு அடியில் ஆயில் தொட்டி கிடையாது. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கை நிமிர்த்தித்தான் ஓட்டுகிறோம், அதனால் அதன் ஆயில் கீழே தேங்கி நிற்கலாம். செயின்சாவைப் படுக்க வைத்து அறுப்போம், சாய்த்து அறுப்போம், தலைக்கு மேல் தூக்கியும் அறுப்போம். அதனால் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து விடுகிறோம். அது கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்துவிட்டுக் கடைசியில் பெட்ரோலோடு சேர்ந்து எரிய வேண்டும். பெட்ரோல் அளவுக்கு அது சுத்தமாக எரியாது. எரிந்தும் எரியாமலும் மிஞ்சுவதுதான் கரி. சரி, ஆயிலில் இருந்து வருவதால் குற்றமும் ஆயிலுடையதுதானே என்று எல்லோரும் ஆயிலைத் திட்டுகிறார்கள். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கஜா புயல் வந்து அதை மாற்றியது. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது, பாதியில் முறிந்தும் நின்றது. அதற்கு முன்னால் ஊருக்கு ஒன்று இரண்டு இருந்த செயின்சா அந்த மாதத்தில் தெருவுக்குத் தெரு கேட்டது. வாங்கியவர்களில் பலர் அதற்கு முன்னால் அதைத் தொட்டதே இல்லை. இரண்டு தொட்டி இருக்கிறது, ஒன்று பெட்ரோலுக்கு, மற்றது செயினுக்கு விடுகிற ஆயிலுக்கு என்பதே தெரியாமல், பெட்ரோலில் கலக்க வேண்டிய டூ டி ஆயிலைச் செயின் தொட்டியில் ஊற்றிவிட்டு வெறும் பெட்ரோலில் ஓட்டியவர்கள் உண்டு. ஒரு டாங்க் காலியாவதற்குள் பிஸ்டன் ஜாம்.

நான் சொல்ல வந்தது அண்ணன் தம்பி இருவரின் கதை. அடுத்தடுத்த தோப்பு. ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடல் மெஷின் வாங்கினார்கள். ஒரே கேனில் கலந்த பெட்ரோலை ஆளுக்குப் பாதியாக ஊற்றிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு மெஷினையும் ஒரே சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். "ஆயில் டூப்ளிகேட்டுண்ணே, ரெண்டையும் தின்னுடுச்சு" என்றார் தம்பி.

தம்பியின் மெஷினைத் திறந்தேன். பிளக் நனைந்து கன்னங்கரேலென்று இருந்தது. சைலன்சர் வாயில் இருக்கிற சின்ன வலை முழுக்க அடைபட்டிருந்தது. விரலை விட்டால் தார் மாதிரி பிசுபிசு. அண்ணனுடையதில் ஈரமே இல்லை. பிளக் வெளுத்திருந்தது. பிஸ்டன் பக்கவாட்டில் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் அடித்த மாதிரி ஒரு பூச்சு, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கிற ரிங் தன் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டு அசையவே மறுத்தது. புகை வெளியேறுகிற பக்கம் பிஸ்டனில் நீளநீளமாகக் கீறல்.

கேன் ஒன்று, ஆயில் ஒன்று, பெட்ரோல் ஒன்று, அறுத்த மரமும் ஒன்றுதான். கரி மட்டும் இரண்டு வகை. அன்றைக்கு ராத்திரி இரண்டு பிஸ்டனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

படம் போட்டுக் காட்ட முடியாது, அதனால் அடுப்படிக்குப் போவோம். சிம்னி விளக்கில் திரியை அதிகமாகத் தூக்கினால் கண்ணாடி கருத்துப்போகும். எண்ணெய் அதிகம், காற்று போதவில்லை. தம்பியின் மெஷின் அதுதான். கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஸ்குரூ அளவுக்கு மேல் திறந்திருந்தது, காற்று ஃபில்டர் முழுக்கத் தென்னைத் தூள், போதாததற்குப் பேசிக்கொண்டே மெஷினை ஸ்லோவில் ஓட விடுகிற பழக்கம் வேறு. சூடு ஏறாததால் ஆயில் எரியாமல் ஈரமாகவே தங்கியது. அண்ணனுடையது வடைச்சட்டி. சட்டியின் வெளிப்புறத்தில் வழிந்த எண்ணெய் நாள்பட நாள்படப் பிசினாகி, பழுப்பாகி, எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது பாருங்கள், அது. காற்றோடு கலக்கிற பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் அதிகம் சூடாகும். அந்தச் சூட்டில் ரிங் பள்ளத்தில் இருக்கிற ஆயில் வெந்து பிசினாகும். ரிங் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிங்கைத் தாண்டி நெருப்புக் காற்று கீழே இறங்கும், பிஸ்டன் இன்னும் சூடாகும். இதில் இன்னொன்று: ஆயில் வருவதே பெட்ரோலோடுதான். பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் சேர்ந்து குறைகிறது. சூடு கூடுகிற நேரம் பார்த்து ஆயில் குறையும்.

அண்ணனிடம் கேட்டேன், ஸ்குரூவைத் தொட்டீர்களா என்று. "லேசா முறுக்கினேன், மெஷின் நல்லா கத்துச்சு" என்றார். கத்தினால் வேகம் என்று நினைப்பு. சுமை இல்லாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் பல மெஷின்கள் நிமிடத்துக்கு 12,000 முதல் 14,000 சுற்று வரை போகும். அதற்கும் மேலே 'வீல்' என்று ஒரே இழுப்பாகக் கத்தினால் அது வேகம் இல்லை, அலறல்.

காதால் பார்க்கிற வழி இது. ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், மெஷினைச் சூடாக்குங்கள். முழு ஆக்சிலேட்டரில், மரத்தில் வைக்காமல், இரண்டு மூன்று நொடி மட்டும் கேளுங்கள். சத்தம் கொஞ்சம் தடுமாறி, 'பொடபொட' என்று வர வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தத் தடுமாற்றம் போய்ச் சீராக இழுக்க வேண்டும். மரத்திலும் பொடபொட என்றால் பெட்ரோல் அதிகம். மரத்தில் வைப்பதற்கு முன்னாலேயே வழவழவென்று கத்தினால் பெட்ரோல் குறைவு. ஹெச் என்று போட்ட ஸ்குரூவைக் கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும், எதிர்ப்பக்கம் திருப்பினால் கூடும். இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். புது மெஷின்கள் சிலவற்றில் இந்த ஸ்குரூவே இருக்காது, தானே சரிசெய்துகொள்ளும். அதை வாங்கியவர்கள் பாடு நிம்மதி.

அப்புறம் அளவு. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்று மெஷினோடு வந்த கையேட்டில் இருக்கும், அதுதான் சட்டம். மூடி அளவு, கண்ணளவு எதுவும் வேண்டாம். மாட்டுக்கு ஊசி போடுகிற 20 மில்லி சிரிஞ்ச் மருந்துக்கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். "ரெண்டு சொட்டு கூட ஊத்துனா இன்ஜினுக்கு நல்லதுதானேண்ணே" என்று கேட்காத ஆள் இல்லை. ஆயில் கூடக் கூட அதே லிட்டரில் பெட்ரோலுக்கு இடம் குறைகிறது. கலவையும் கெட்டியாகிறது. கார்புரேட்டரில் ஜெட் என்கிற சின்னத் துளை வழியாகப் போகிற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும். கொஞ்சம்தான், ஆனால் ஏற்கெனவே ஸ்குரூவை முறுக்கி வைத்த மெஷினில் அந்தக் கொஞ்சமே சூட்டைக் கூட்டிவிடும். நல்லதுக்கு ஊற்றிய இரண்டு சொட்டு, கரியாகவும் திரும்பி வரும்.

அதற்காக எந்த ஆயில் ஊற்றினாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. மல்லிப்பட்டினம் பக்கமிருந்து ஒருவர், மைத்துனர் படகுக்கு வாங்கிய அவுட்போர்டு ஆயிலைச் செயின்சாவில் ஊற்றிக்கொண்டு வந்தார். டப்பாவில் டி.சி.டபிள்யூ. 3 என்று, தண்ணீரில் குளிரும் படகு இன்ஜினுக்கான தரக்குறி போட்டிருந்தது. நல்ல ஆயில்தான், படகுக்கு. அந்த இன்ஜினைக் கடல் தண்ணீர் குளிர்விக்கிறது. நம்முடையதைக் குளிர்விப்பது ஒரு சின்னக் காற்றாடி, அதுவும் சிலிண்டர் துடுப்புகளில் தூள் அடையாமல் இருந்தால். அந்தச் சூட்டில் பிஸ்டனைச் சுத்தமாக வைத்திருக்கிற மருந்து அந்த ஆயிலில் இல்லை. டப்பாவின் பின்பக்கம் ஜாஸோ எஃப்.டி. என்கிற ஜப்பான் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.சி. என்றால் புகை குறைவு. எஃப்.டி. என்றால் அதோடு சேர்த்துக் கரியைக் கட்ட விடாமல் பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். எத்தனாலைப் பற்றித்தான் நிறைய பேச நினைத்தேன், போச்சு. சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான செயின்சா கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் காற்று கூடின மாதிரி ஆகிவிடும், முன்பு வந்த பெட்ரோலுக்கு வைத்த ஸ்குரூ இதற்குப் போதாது. ஸ்குரூவை முறுக்காமலே உங்கள் மெஷினும் அண்ணன் மெஷின் மாதிரி ஆகிவிடும். காதால் கேட்டு மறுபடி வையுங்கள். அது ஈரத்தையும் இழுக்கும், அதனால் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்து மெஷினை எடுத்து வைப்பதானால் டாங்கைக் காலி செய்துவிட்டு, அது தானாக அணைகிற வரை ஓட விடுங்கள்.

கரி சுரண்டுகிறவர்களுக்கு ஒன்று. சைலன்சரைக் கழற்றியதும் கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலே ஏற்றி, புகை வெளியேறுகிற துளையை அதனாலேயே மூடிக்கொள்ளுங்கள். மூங்கில் சீவலால் சுரண்டுங்கள், ஸ்குரூ டிரைவர் வேண்டாம். ஒரு துண்டு கரி உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் கீறிவிடும்.

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.