மாட்டைக் குறை சொல்லும் முன் காளையைப் பாருங்கள்

பெரியோர்களே, மாடு வைத்துப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, வணக்கம்.

மாடு கத்துகிறது, சினை ஊசி போடுகிறோம். 21 நாளில் மறுபடி கத்துகிறது, மறுபடி ஊசி. மூன்று தடவை இப்படிப் போனால் வீட்டில் ஒரே பேச்சுதான்: "இது மலடு, சந்தைக்கு ஓட்டிவிடு." தாது உப்புக் குறைவு, தப்பிய நேரம், கருப்பையில் கோளாறு என்று மாட்டுப் பக்கம் காரணங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் காளை எப்படி என்று யாராவது கேட்கிறோமா?

விந்து நிலையத்தில் நுண்ணோக்கி வைத்துப் பார்க்கிறார்கள். விந்தணு எத்தனை, வடிவம் சரியா, உறையவைத்து இளக்கிய பிறகும் முன்னோக்கி ஓடுகிறதா என்று சோதிக்கிறார்கள். நல்ல சோதனை, அவசியமானதும்கூட. ஆனால் அதன் கண்ணுக்கும் தப்பும் குறை உண்டு.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஃபிளெக்ஃபீ என்றொரு மாட்டினம் இருக்கிறது. வெள்ளை முகம், உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள். அந்த இனத்தில் சில பொலிகாளைகளின் விந்து எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆனால் நூறு ஊசி போட்டால் இரண்டு மாடுகூடச் சினை பிடிக்கவில்லை. மியூனிக் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான காளைகளின் கருவூட்டல் பதிவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு, 2014இல் காரணத்தை வெளியிட்டார்கள். டி.எம்.இ.எம். 95 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் அந்த மரபணு உண்டாக்கும் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இந்தப் புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது பின்னால் எலிகளில் செய்த ஆய்வில் தெளிவானது. விந்தணு நீந்திப் போகிறது, முட்டையின் வெளியுறையைத் துளைத்து உள்ளேயும் நுழைந்துவிடுகிறது. ஆனால் முட்டையில் ஒட்டினாலும் அதோடு ஒன்றாகக் கலக்க முடியவில்லை. வாசல் வரை வந்த மாப்பிள்ளைக்குத் தாலி கட்ட வராத கதைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் காளைக்குக் குறை. ஒரு பிரதி மட்டும் வந்த காளைக்கு ஒன்றும் ஆகாது. கிடேரிக்கோ இரண்டு வந்தாலும் சினையாவதில் சிக்கல் இல்லை. அதனால் இந்தப் பழுது யார் கண்ணிலும் படாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டே வரும். நாலைந்து முடியை வேரோடு பிடுங்கிச் சோதித்தால் போதும், கன்றாக இருக்கும்போதே தெரிந்துவிடும். அப்புறம் அதை வருஷக்கணக்கில் தீனி போட்டு வளர்த்து ஏமாற வேண்டியதில்லை.

சரி, ஒரு மரபணுவைப் பார்த்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. காளையின் கருவூட்டும் திறனில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. வெயில், தீனி, வயது எல்லாம் சேரும். "ஒரே சோதனை, முழுப் பதில்" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஃபிளெக்ஃபீயில் கண்ட பழுது நம் ஜெர்சிக் கலப்பிலோ காங்கேயத்திலோ அப்படியே இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. நம் இனங்களில் என்ன ஒளிந்திருக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும்.

தேடுவதற்குக் கணக்கு வேண்டும். அங்கே இது பிடிபட்டதே, எந்தக் காளையின் விந்து எந்த மாட்டுக்குப் போனது, சினை பிடித்ததா என்று ஒவ்வொன்றும் பதிவாகியிருந்ததால்தான். நம் உறைவிந்துக் குச்சியிலும் காளையின் எண் அச்சிட்டிருக்கிறது. ஊசி போட்டதும் அதைத் தூக்கி எறிய விடாதீர்கள். எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சினை நின்றதா இல்லையா என்பதையும் மருத்துவரிடம் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.