தகரப்பெட்டியில் ஒரு பட்டா

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில், பழுப்பேறி மடிப்போரம் கிழிந்த பட்டா ஒன்று இருக்கிறது. என் தாத்தா பெயருக்கு வந்தது. எங்களுடையது ஜமீன் கிராமம். உழுதவர் தாத்தா. ஆனால் களத்தில் நெல் தூற்றி முடிந்ததும் ஜமீன் ஆள் வந்து ஜமீனின் பங்கான மேல்வாரத்தை அளந்துகொண்டு போன பிறகுதான் மிச்சம் வீட்டுக்கு வரும். பட்டா வந்த அன்று தாத்தா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை என்று பாட்டி சொல்லுவார்.

அந்தக் காகிதத்துக்கு வழி திறந்தது, 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், அதாவது ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதை நிறைவேற்றிய அரசின் தலைவர் ஓர் உழவர்: திண்டிவனம் அருகே ஓமந்தூரில் 1895இல் பிறந்த பி. ராமசாமி ரெட்டியார்.

1947 மார்ச்சில் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அன்று முதலமைச்சர் பதவிக்கு அதுதான் பெயர். இரண்டே ஆண்டு. அதற்குள் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி நெடுநாள் போராடிய தேவதாசி ஒழிப்பும் சட்டமானது.

இருந்தாலும் எனக்கு அவர் நிலத்தின் மனிதர்தான். உழுகிற குடிக்கும் சர்க்காருக்கும் நடுவே நின்ற ஜமீன் விலகி, வரியை நேரே கட்டும் ரயத்துவாரி முறை வந்தது என்றால், அதன் அருமை களத்துமேட்டில் நின்றவனுக்குத்தான் புரியும். கூலிக்கு நாற்று நட்டவர்களுக்கு அந்தச் சட்டம் நிலம் தரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊரிலேயே அப்படி விடுபட்ட குடும்பங்கள் உண்டு.

1949 ஏப்ரலில் பதவியை விட்டு இறங்கியவர், வடலூருக்குப் போனார். வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலார் 1867இல் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டிய ஊர் அது. அங்கே சன்மார்க்கப் பணியிலும் ஆதரவற்ற பிள்ளைகளின் படிப்பிலும் தம்மைக் கொடுத்து, 1970இல் காலமானார்.

தாத்தா காலத்திலிருந்தே, அந்தப் பட்டா நிலத்து நெல்லைக் குத்தி, தைப்பூசத்துக்கு ஒரு மூட்டை அரிசி வடலூர் தருமசாலைக்கு அனுப்பிவருகிறோம். இந்த ஆண்டு மூட்டையும் திண்ணையில் கட்டி வைத்திருக்கிறது.

வணக்கம்.