ஆளுக்கு இரண்டு தகரம்

தலைமை தாங்கும் அதிபர் ஐயா அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, நோர்வூட்டிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் மழையில் வந்திருக்கும் தோட்டத் தலைவர்களே, கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம். தவிசாளர் அவர்கள் இன்னொரு கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக நன்றி சொல்வதுதான் மரியாதை.

முடிவெடுக்கும் தலைமை, எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்க்கும் தலைமை, இளைஞர்களின் கடமை என்று மூன்று விடயங்கள் பேச வந்தேன். எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பவரை, ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்று எங்கள் அப்பாயி சொல்லும்.

சின்ன வயதில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காற்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. நிர்வாகம் தகரம் தந்தது, எல்லாருக்கும் போதாது. மேல் லயத்தில் கூரையே இல்லை, கீழ் லயத்தில் ஓட்டை மட்டும்தான். மேல் லயத்துக்கே கொடுத்தால் கீழ் லயத்துச் சங்கச் சந்தா போய்விடும் என்று தோட்டத் தலைவருக்குப் பயம். நல்ல மனிதர், யார் முகமும் சுருங்கக் கூடாது அவருக்கு. கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி, வீட்டுக்கு இரண்டு தகரம் எண்ணிக் கொடுத்தார். கைதட்டல்! அன்று ராத்திரி மழை கொட்டியது. மேல் லயத்தில் பிள்ளைகளை இரண்டு தகரத்துக்குக் கீழே ஒண்ட வைத்தார்கள். கீழ் லயத்தில் மிஞ்சிய தகரத்தால் கோழிக்கூடு மூடினார்கள். மறுவாரம் இரண்டு லயமும் சேர்ந்து அவரைத் திட்டியது. “எல்லாருக்கும் சமமாத்தானே குடுத்தேன்” என்றார். ஒரு கிழவி கேட்டாள்: “கூரை சமமாவா போச்சு, தலைவரே?”

பெரிய இடத்திலும் இதுதான் நடந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாத நம் மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இரண்டு அரசாங்கத்துக்கும் மனக்குறை இல்லை. அண்ணன் தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்கும் தம்பி மஸ்கெலியாவுக்குமாகக் குடும்பம் பிரிந்ததை யார் கணக்கெடுத்தார்கள்?

துணிந்தவர்களும் நம்மிடம் இருந்தார்கள். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் போராட்டத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூடுபட்டுச் செத்தார். குடியுரிமையும் வாக்கும் பறிபோன பின் 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள், யார் முகம் கோணுமென்று பார்க்கவில்லை.

இன்றைக்குக் கேட்க வேண்டியது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்று அரசாங்கத்தினர் சொன்னார்கள், பிறகு பத்து என்றார்கள். உறுதி இல்லாமல் வீட்டில் குடியேறியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். தோட்டத்தை நடத்தும் கம்பனியிடம் ஒரு பேச்சு, நம்மிடம் ஒரு பேச்சு. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்! கம்பனிக்குக் காணி குத்தகைதான், மண் அரசாங்கத்தினுடையது. பிரித்துக் கொடுக்க அரசாங்கம் மனம் வைத்தால் போதும். உறுதியில் மனைவி பெயரும் இருக்க வேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

இளைஞர்களைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். வாசல் மேசையில் காணி உறுதி கேட்கும் மனு இருக்கிறது. தவிசாளர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுத் தரும்படி மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.